பக்கத்துக் குழி

சாஸ்கட்டூனில் ஜனவரிக்கு வாசனை கிடையாது.
மைனஸ் முப்பத்தொன்றில்
நதியும் டீசலும் நாய்மூத்திரமும்
மூக்குக்கு ஒன்றுதான்:
ஊசி.
ஆய்வகக் கதவு திறந்த பிறகே
உலகம் நாறத் தொடங்கும்.

உள்ளங்கை அகலத் தட்டில்
முன்னூற்று எண்பத்துநான்கு குழிகள்.
ஒவ்வொன்றிலும் சில ஆயிரம் செல்கள்,
பிறக்காமல் போன யாருடையதோ
சிறுநீரகத்தின் வம்சம்.
அரை நூற்றாண்டாகப் புட்டிகளில் பெருகுகின்றன.
ஒரு பூவை, ஒரு புகையை அறியாதவை.
மூக்கின் மரபணு ஒன்றை உள்ளே நுழைத்து
இனி நீ மோந்து பார் என்கிறோம்.

ஏற்பி கூச்சக்காரன்.
செல்லின் உள்ளறையிலேயே பதுங்கிக்கொள்ளும்.
கைபிடித்து வாசலுக்குக் கூட்டிவர
இன்னொரு புரதத்தைத் துணைக்கு அனுப்ப வேண்டும்.
வந்து நின்று,
தனக்கான மூலக்கூறு தட்டினால்
உள்ளே மின்மினியின் நொதி எரியும்.
கண்ணுக்கு எட்டாத வெளிச்சம்;
கருவிதான் எண்ணிச் சொல்லும்.
இருநூற்றுப் பன்னிரண்டு. நூற்றுத் தொண்ணூற்றெட்டு.
இருநூற்று ஐந்து.

எங்கள் ஏற்பிக்கு எது பொருந்தும் என்று
யாருக்கும் தெரியாது.
துறையில் அதற்குப் பெயர் அநாதை.
பதினான்கு மாதம், ஆயிரத்து நூறு சேர்மங்கள்:
வெட்டிய புல், கருகிய ரப்பர்,
வேகவைத்த முட்டைக்கோஸ், கிடா ஆடு.
எதற்கும் அது அசையவில்லை.

நாறும் புட்டிகள் எல்லாம் ஒரிஸ்யாவின் பங்கு.
இரண்டு வருடம் முன்பு ஒரு காய்ச்சல்
அவள் மூக்கைக் கொண்டுபோய்விட்டது.
ஊறிய சாக்ஸ் நெடி அமிலத்தை
முகம் சுளிக்காமல் தண்ணீர்போல் இறக்குவாள்.
"இந்தக் கிட்னிக்கு என்னைவிட நல்ல மூக்கு" என்பாள்.

இண்டோல் இட்ட அன்று அவளிடம் சொன்னேன்:
துளியின் துளியாக இருந்தால் இது மல்லிகை,
கூடினால் கக்கூஸ்.
என் மொழியில் நாற்றம் என்பதும்
ஒரு காலத்தில் நறுமணம்தான்.
இப்போது அந்தச் சொல்லை
சாப்பாட்டு மேஜையில் வைக்க முடியாது.
பிப்பெட் முனையை மாற்றியபடியே கேட்டாள்:
"யார் செறிவைக் கூட்டினார்கள்?"

பிப்ரவரி ஒன்பது, இரவு பத்தரை.
பதினோராம் வரிசை, பதின்மூன்றாம் குழி:
எட்டாயிரத்து நாற்பது.
அது காலிக் குழி.
ஒப்பீட்டுக்காக வெறும் கரைப்பான் ஊற்றியது.
மூன்று முறை செய்தோம். மூன்று முறையும்
ஒன்றும் இடாத இடம் எரிந்தது.

விளிம்பு உலர்ந்திருக்கும் என்றேன், பிப்பெட்டைத் திட்டினேன்.
ஒரிஸ்யா இரண்டாவது வெளிச்சத்தைப் பார்த்தாள்.
கடல் உயிரி ஒன்றிடம் கடன் வாங்கியது,
செல் உயிரோடு இருக்கிறதா என்று மட்டும் சொல்வது.
பன்னிரண்டாம் குழியில் அது அணைந்திருந்தது.
அங்கே இட்டதன் வீரியம் தாங்காமல்
செல்கள் செத்திருந்தன.
மூடிப் படலத்தின் அடியில் நழுவிய ஆவி
பக்கத்து வீட்டுக்குப் போதுமான அளவில்
போய்ச் சேர்ந்திருக்கிறது.

நீர்த்தோம். இன்னும் நீர்த்தோம்.
பத்தாயிரத்தில் ஒரு பங்கில்
வரைபடத்தில் வளைவு எழுந்து நின்றது.

காகிதத் துண்டில் தொட்டு முகர்ந்தேன்.
காகிதம்.
மறுபடியும். காகிதம்தான்.
பதினான்கு மாதம் ஆள் தேடித் தந்தவளின் மூக்கில்
அந்த ஏற்பி பழுதான பிரதி போலிருக்கிறது.
ஒரிஸ்யா கையை நீட்டினாள்,
பழக்கத்தில் நானும் கொடுத்தேன்.
இருவரும் சற்று நேரம்
ஒன்றுமில்லாததை மோந்துகொண்டிருந்தோம்.

கடைசி பஸ்ஸில் ஹீட்டர் சூடு.
எதிரே ஒரு பையன்
ஸ்கார்ஃபை மூக்குவரை இழுத்துவிட்டான்.
ஓர் அம்மாள் எழுந்து முன்னால் போனார்.
பிறகு இன்னொருவர்.
எங்களைச் சுற்றி
இருக்கைகள் ஒவ்வொன்றாகக் காலியாயின.
கையுறையை முகர்ந்தேன், சட்டைக்கையை,
முடியை இழுத்து முகர்ந்தேன்.
"என்னவாம்?" என்றாள்.
"தெரியலை."

பிராட்வே பாலத்தில் ஏறும்போது
டிரைவர் தன் ஜன்னலை
இரண்டு அங்குலம் திறந்தார்.